மலச்சிக்கலுக்கு மருந்து எடுக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஒரு மருந்தாளுநர், பல வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்குறது தான் வேலை. காய்ச்சல், தலைவலின்னா சத்தமா கேக்குறவங்க கூட இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பக்கத்துல யாராவது நிக்குறாங்களான்னு பாத்துட்டு குரல தாழ்த்தி "மோஷன் சரியா போகல, எதாவது குடுங்க"ன்னு கேப்பாங்க. குடுத்ததும் பையில போட்டுக்கிட்டு கிளம்பிடுவாங்க. எப்படி சாப்பிடணும், எப்ப வேலை செய்யும், யாரு சாப்பிடக்கூடாதுன்னு கேக்க கூச்சம், அதனால தப்பு நடக்குறது பெரும்பாலும் இங்க தான். கேட்டவங்க கேட்டதையும், கேக்காம போனவங்க கேட்டிருக்க வேண்டியதையும் சேத்து கீழ எழுதியிருக்கேன்.

தினமும் ஒரு தடவ போகலன்னா அது மலச்சிக்கலா?

இல்லைங்க. ஒரு நாளைக்கு 3 தடவ போறவங்களும் உண்டு, வாரத்துக்கு 3 தடவ போறவங்களும் உண்டு, ரெண்டுமே நார்மல் தான். உங்க உடம்புக்கு எது வழக்கமோ அதுல இருந்து மாறுதான்னு பாருங்க. வாரத்துக்கு 3 தடவைக்கும் கம்மியா போறது, கெட்டியா ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா வர்றது, ரொம்ப முக்க வேண்டியிருக்கிறது, போயிட்டு வந்தும் இன்னும் உள்ள இருக்குற மாதிரியே தோணுறது, இதெல்லாம் இருந்தா தான் மலச்சிக்கல்னு சொல்லுவோம்.

1997ல இங்கிலாந்துல பிரிஸ்டல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சார்ட் வெளியிட்டாங்க, மலம் எப்படி இருக்குங்கிறத வெச்சு 7 வகையா பிரிச்சிருப்பாங்க. 1, 2ன்னா சிக்கல், 3, 4ன்னா நல்லா இருக்கு, 6, 7ன்னா வயித்தால போகுதுன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட விவரிக்க கூச்சமா இருந்தா அந்த நம்பர மட்டும் சொன்னா போதும், அவங்களுக்கு புரிஞ்சிடும். எத்தன நாளா போகலங்கிறத விட எப்படி வருதுங்கிறது தான் பல சமயம் முக்கியம், 2 நாளைக்கு ஒரு தடவ போனாலும் கஷ்டமே இல்லாம போகுதுன்னா மருந்தே வேண்டாம்.

மருந்து எடுக்குறதுக்கு முன்னாடி என்ன பண்ணி பாக்கலாம்?

நார்ச்சத்து, தண்ணி, நடை, இந்த மூணையும் எல்லாரும் சொல்லுவாங்க, உண்மையும் கூட. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 25ல இருந்து 30 கிராம் வரைக்கும் நார்ச்சத்து வேணும், ஆனா இன்னிக்கு கம்மியா சாப்பிட்டுட்டு நாளைக்கு திடீர்னு ரெண்டு மடங்கு ஆக்குனா வயிறு உப்பிக்கும், கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

பலர் கண்டுக்காம விடுறது ரெண்டு விஷயம். ஒண்ணு, வர்ற நேரத்துல போறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல, குறிப்பா காலைல சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசைய ஆரம்பிக்கும், அந்த நேரத்துல 10 நிமிஷம் டாய்லெட்டுக்குன்னு ஒதுக்குங்க. வேலை இருக்கு, வெளிய இருக்கோம்னு அடக்கி அடக்கி வெச்சா அங்கயே தங்கி, அதுல இருக்குற தண்ணிய குடல் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், நேரம் ஆக ஆக கல்லு மாதிரி ஆகிடும். இன்னொன்னு உக்காருற விதம். வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காரும்போது காலுக்கு கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்ப விட உயரமா இருக்குற மாதிரி லேசா முன்னாடி சாஞ்சு உக்காருங்க. அப்படி உக்காந்தா மலக்குடல வளைச்சு பிடிச்சிருக்குற தசை தளர்ந்து வழி நேராகும், முக்குறது குறையும். செலவில்லாத விஷயம், செஞ்சு பாத்துட்டு சொல்லுங்க.

எல்லா மருந்தும் ஒண்ணு தானே, எதையாவது ஒண்ணு வாங்கினா போதாதா?

போதாதுங்க, இந்த ஒரு கேள்விக்கு கொஞ்சம் பொறுமையா படிங்க. மலமிளக்கின்னு ஒரே பேர்ல சொன்னாலும் உள்ள வேலை செய்யுற விதம் வேற வேற, வேலை செய்ய எடுக்குற நேரமும் வேற வேற.

முதல் வகை மலத்துக்கு பருமன் குடுக்குறது. இசப்கோல் இந்த வகை. தண்ணிய இழுத்து ஜெல் மாதிரி ஊதி மலத்த மெத்துன்னு ஆக்கும், குடலும் அத தள்ள ஆரம்பிக்கும். 12 மணி நேரத்துல இருந்து 3 நாள் வரைக்கும் ஆகலாம்.

ரெண்டாவது வகை குடலுக்குள்ள தண்ணிய இழுத்துட்டு வர்றது. லாக்டுலோஸ் சிரப், மேக்ரோகால் பவுடர், அப்புறம் வெள்ளையா பால் மாதிரி இருக்குற மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, மூணும் இதுல தான் வரும். லாக்டுலோஸ் வேலை செய்ய 1 நாள்ல இருந்து 2 நாள், சிலருக்கு அதுக்கும் மேல. மேக்ரோகாலுக்கு 1ல இருந்து 3 நாள். மெக்னீசியம் மட்டும் அவசரக்காரன், அரை மணி நேரத்துல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள வேலைய காட்டிடும்.

மூணாவது வகை குடலோட தசைய தூண்டி விடுறது, பிசகோடைல், சென்னா, சோடியம் பிகோசல்பேட் எல்லாம். வாயால சாப்பிட்டா 6ல இருந்து 12 மணி நேரம், அதனால தான் ராத்திரி படுக்கும்போது போட சொல்றாங்க, காலைல எழுந்ததும் போகும். வயித்த முறுக்குறது இந்த வகைல தான் அதிகம்.

இது போக மலத்த இளக்குற டாக்குசேட் இருக்கு, வழுக்க விடுற லிக்விட் பாரஃபின் இருக்கு. பாரஃபின படுத்துக்கிட்டே குடிக்கக்கூடாது, படுக்கப்போற நேரத்துலயும் வேண்டாம், எண்ணெய் மூச்சுக்குழாய்ல போயிட்டா நுரையீரல் கெட்டுடும். விழுங்க கஷ்டப்படுறவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் நான் அத குடுக்கவே மாட்டேன். ரொம்ப நாள் எடுத்தா ஏ, டி, ஈ, கே விட்டமின்கள் உடம்புல சேராமயும் போகும்.

அப்ப முதல்ல எத எடுக்குறது?

வேற எந்த நோயும் இல்லாத, நல்லா தண்ணி குடிக்கக்கூடிய ஒரு ஆளுக்கு இசப்கோல்ல ஆரம்பிக்குறது நல்லது. அது சரிப்படலன்னா, இல்ல மலம் ஏற்கனவே கெட்டியாகி நிக்குதுன்னா மேக்ரோகால் இல்லன்னா லாக்டுலோஸ். மலம் இளகிடுச்சு, ஆனா வெளிய வர மாட்டேங்குதுன்னா தான் பிசகோடைல், சென்னா மாதிரி தூண்டுற வகை, அதுவும் கொஞ்ச நாளைக்கு. இது பொதுவா போற வரிசை, உங்களுக்கு வேற நோய் இருந்தா, வேற மாத்திரை சாப்பிட்டா வரிசை மாறும், அத கீழ சொல்றேன்.

நேத்து ராத்திரி எடுத்தேன், காலைல ஒண்ணும் ஆகல, இன்னொரு டோஸ் போடலாமா?

இந்தக் கேள்விக்காக தான் இத எழுத உக்காந்தேன்.

எங்க அப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த நேரம், வலிக்கு மாத்திரை குடுத்திருந்தாங்க, அதுல 5 நாளா மோஷன் போகல. நான் லாக்டுலோஸ் வாங்கி வெச்சுட்டு "காலைல 15 மி.லி., ராத்திரி 15 மி.லி. குடிங்கப்பா"ன்னு சொல்லிட்டு வேலைக்கு கிளம்பிட்டேன். காலைல குடிச்சிருக்கார், மதியம் வரைக்கும் ஒண்ணும் ஆகல. மருந்துல வீரியம் இல்ல போலன்னு மறுபடி ஒரு மூடி. சாயங்காலமும் ஒண்ணும் இல்லன்னதும் டப்பாவுல பழைய பிசகோடைல் இருந்திருக்கு, அதுல ரெண்டு. ராத்திரி 9 மணிக்கு மெக்னீசியம் சிரப் வேற. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல, இதெல்லாம் பிள்ளைகிட்ட சொல்ற விஷயமான்னு நினைச்சிருக்கார்.

விடியக்காலை 4 மணிக்கு எல்லாம் ஒண்ணு சேந்து வேலை செய்ய ஆரம்பிச்சது. நான் எழுந்து போய் பாக்கும்போது பாத்ரூம் கதவு பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்குறார், உதடு காஞ்சு வெள்ளையா இருக்கு, கை நடுங்குது, "ஒண்ணும் இல்ல, நீ போய் தூங்கு"ன்னு சொல்லிக்கிட்டே அப்படியே சரிஞ்சார். நல்லவேளை நான் பக்கத்துல நின்னேன், அந்த இடுப்பு மறுபடி அடிபட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னிக்கும் வயித்த கலக்கும். ஆஸ்பத்திரில டிரிப் ஏத்தினாங்க, ரத்தத்துல பொட்டாசியம் இறங்கி இருந்தது, ரெண்டு நாள் கழிச்சு தான் வீட்டுக்கு விட்டாங்க.

மருந்து எவ்வளவு குடிக்கணும்னு சொன்ன நான், அது வேலை செய்ய 2 நாள் ஆகும்பான்னு சொல்லல. அந்த ஒரு வரிய சொல்லியிருந்தா அவர் காத்திருந்திருப்பார்.

அதனால பதில் இது தான். எந்த வகை மருந்து, அதுக்கு எத்தன மணி நேரம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, அந்த நேரம் முழுசா முடியுற வரைக்கும் சொன்ன அளவுக்கு மேல கூடுதல் டோஸும் வேண்டாம், வேற மருந்தும் வேண்டாம். லேபிள்ல போட்டிருக்குற அளவுக்கு மேல போகவே கூடாது. சொன்ன நேரம் தாண்டியும் அசைவே இல்லன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு தான் அடுத்தது. டாக்டரே ரெண்டு வகைய சேத்து எழுதிக் குடுக்குறது உண்டு, அது கணக்கு போட்டு குடுக்குறது, நாமளே டப்பாவ திறந்து கலக்குறது வேற.

மருந்து போட்டு நல்லா போயிடுச்சு, ஆனா அதுக்கப்புறம் 2 நாளா ஒண்ணும் வரல, மறுபடி சிக்கலா?

பெரும்பாலும் இல்லைங்க. குடல்ல இருந்தது எல்லாம் மொத்தமா காலியாகி இருக்கு, மறுபடி நிறைய வேணும்ல, அதுக்கு 2, 3 நாள் ஆகலாம். அது தெரியாம பயந்து மறுபடி மாத்திரை போடுறாங்க, மறுபடி காலி, மறுபடி 2 நாள் வராது, மறுபடி மாத்திரை. மாத்திரை இல்லாம போகவே போகாதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் இந்த சுத்துல மாட்டினவங்க தான். வயிறு வலி, உப்புசம் எதுவும் இல்லன்னா சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, காத்திருங்க.

இசப்கோல் சாப்பிட்டா இன்னும் அடைச்சுக்குதே?

தண்ணி பத்தலைங்க. ஒரு டோஸுக்கு குறைஞ்சது 240 மி.லி., ஒரு பெரிய டம்ளர் நிறைய தண்ணி வேணும், அதுக்கு மேல இன்னொரு டம்ளர் குடிச்சாலும் நல்லது தான். ஒரு ஸ்பூன் இசப்கோல கொஞ்சூண்டு தண்ணில போட்டு 10 நிமிஷம் விட்டு பாருங்க, ஸ்பூன கவுத்தாலும் விழாத அளவுக்கு கெட்டியா பிடிச்சுக்கும். அதே தான் தொண்டைலயும் குடல்லயும் நடக்கும். அதனால கலக்கினதும் உடனே குடிச்சிடணும், வறட்டு பவுடரா வாய்ல போட்டு விழுங்கக்கூடாது, குடிச்சதும் படுக்கக்கூடாது. விழுங்க கஷ்டம் இருக்குறவங்க, குடல் எங்கயாவது குறுகி இருக்குன்னு சொல்லப்பட்டவங்க, தண்ணிய அளந்து தான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்குற இதய, கிட்னி நோயாளிங்க இத எடுக்க வேண்டாம்.

பிசகோடைல் மாத்திரைய பால்ல சாப்பிடலாமா? நசுக்கி குடுக்கலாமா?

ரெண்டும் வேண்டாம். அந்த மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்கு, இரைப்பைல கரையாம குடலுக்கு போன பிறகு கரையுற மாதிரி. பாலோ, அசிடிட்டி மாத்திரையோ கூட சாப்பிட்டா பூச்சு முன்னாடியே கரைஞ்சு வயிறு எரியும், வலிக்கும், குமட்டும். முன்னாடியும் பின்னாடியும் 1 மணி நேரம் இடைவெளி விடுங்க, முழுசா தண்ணில விழுங்குங்க. பெரியவங்க 5 மி.கி.ல ஆரம்பிச்சா போதும், பத்தலன்னா அடுத்த நாள் 10.

சென்னா சாப்பிட்டதுல இருந்து சிறுநீர் நிறம் மாறுது?

மஞ்சளாவோ சிவந்த பழுப்பாவோ வரலாம், மருந்த நிறுத்தினா போயிடும். ஆனா சென்னா சாப்பிடாத நேரத்துலயும் சிவப்பா வந்தா அது வேற, டெஸ்ட் பண்ணுங்க.

எத்தன நாள் வரைக்கும் நாமளா எடுக்கலாம்?

டாக்டர் சொல்லாம நாமளா எடுக்குறதுன்னா 1 வாரம். அதுக்கு மேலயும் தேவைப்படுதுன்னா காரணம் என்னன்னு பாக்கணும். தைராய்டு சுரப்பு கம்மியா இருந்தா, சுகர் ரொம்ப நாளா இருந்தா, ரத்தத்துல கால்சியம் கூடினா, பார்க்கின்சன் நோய் இருந்தா எல்லாம் மலச்சிக்கல் வரும்.

ரொம்ப நாள் எடுத்தா குடல் சோம்பேறி ஆயிடுமா?

இந்தப் பயத்துல வலியோட கிடக்குறவங்கள பாத்திருக்கேன், அதனால நேராவே சொல்லிடுறேன். டாக்டர் சொன்ன அளவுல எடுத்தா குடல் கெட்டுப் போயிடும்ங்கிறதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. இசப்கோல், மேக்ரோகால் எல்லாம் மாசக்கணக்குல தேவைப்படுறவங்க இருக்காங்க, டாக்டர் பார்வைல எடுத்துக்கிட்டு நல்லா இருக்காங்க. சென்னா மாதிரி மருந்த ரொம்ப நாள் எடுத்தா குடலோட உள்பக்கம் கருமையா மாறலாம், நிறுத்தினா பழையபடி ஆகிடும், அது புற்றுநோயும் இல்ல.

பிரச்சனை வர்றது அளவு மீறும்போது. தினமும் தண்ணியா போற அளவுக்கு போட்டா உடம்புல தண்ணியும் உப்புகளும், முக்கியமா பொட்டாசியமும் இறங்கும், கை கால் சோர்வு, தசை பிடிப்பு, நெஞ்சு படபடப்பு வரும், இதயத்துடிப்பே தாறுமாறா ஆகலாம். நமக்கு வேண்டியது மெத்துன்னு கஷ்டம் இல்லாம வர்ற மோஷன், தண்ணியா போனா டோஸ் அதிகம்னு அர்த்தம், குறைங்க.

நான் பிரஷர், சுகர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன், பரவாயில்லையா?

கேட்டது ரொம்ப நல்லது. நீர் பிரியுறதுக்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஏற்கனவே பொட்டாசியம் இறங்க வாய்ப்பு இருக்கு, அதோட பேதியும் ஆனா ரெண்டும் சேந்துக்கும். டிகாக்சின் சாப்பிடுற இதய நோயாளிக்கு பொட்டாசியம் குறையுறது ரொம்ப ஆபத்து. கிட்னி சரியில்லாதவங்க மெக்னீசியம் இருக்குற மலமிளக்கிய தொடவே வேண்டாம், அது வெளிய போகாம ரத்தத்துல சேரும், அசதி, பிரஷர் இறங்குறது, இதயத்துடிப்பு குறையுறது வரைக்கும் போகும். லாக்டுலோஸ் சிரப்ல கொஞ்சம் சர்க்கரை உண்டு, சுகர் இருக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு எடுங்க.

அப்புறம் நேர இடைவெளி. இசப்கோலுக்கும் மத்த மாத்திரைக்கும் நடுவுல 2 மணி நேரம் விடுங்க, தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவுல 4 மணி நேரம். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுற பெண்களுக்கு 1 நாளைக்கு மேல கடுமையா வயித்தால போனா மாத்திரை உடம்புல சேராம போயிருக்கலாம், இத யாரும் சொல்றதில்ல, அதனால நான் சொல்றேன்.

இன்னொரு பக்கமும் பாருங்க, உங்க மாத்திரையே மலச்சிக்கலுக்கு காரணமா இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில அசிடிட்டி மருந்து, சளிக்கு குடுக்குற தூக்கம் வர்ற மாத்திரை, பிரஷருக்கு குடுக்குற வெராபமில், மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் குடுக்குற அமிட்ரிப்டிலின், வலிக்கு குடுக்குற கோடீன், டிராமடால், மார்ஃபின், எல்லாம் குடல மந்தமாக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா மாத்தி குடுப்பாங்க இல்ல அளவ குறைப்பாங்க.

கடுமையான வலிக்கு மாத்திரை சாப்பிடுறதுல இருந்து போகவே மாட்டேங்குது?

மார்ஃபின், டிராமடால் வகை குடல் அசைவையே நிறுத்தி வைக்கும், இது நாளாக நாளாக பழகிப்போற பக்க விளைவு இல்ல. இதுக்கு இசப்கோல் வேண்டாம், அசையாத குடல்ல பருமன சேத்தா அடைப்பு தான் ஆகும். சென்னா, பிசகோடைல் இல்லன்னா மேக்ரோகால் தான் பொருத்தம், வலி மாத்திரை ஆரம்பிக்குற நாள்லயே டாக்டர்கிட்ட கூடவே எழுதி வாங்கிடுங்க. 5 நாள் கழிச்சு தேடுறத விட அது எவ்வளவோ மேல்.

வீட்ல பாட்டிக்கு 1 வாரமா மோஷன் போகல, இப்ப தண்ணி மாதிரி கசியுது, பேதிய நிறுத்துற மாத்திரை குடுக்கலாமா?

குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. மலக்குடல்ல கெட்டியா ஒரு கட்டி மாதிரி அடைச்சு நிக்கும், அத சுத்தி மேல இருந்து தண்ணி மலம் மட்டும் கசிஞ்சு வரும், துணியெல்லாம் நனையும். பாக்குறவங்களுக்கு பேதி மாதிரி தெரியும், உண்மைல அது முத்தின மலச்சிக்கல். அப்ப பேதிய நிறுத்துற மருந்து குடுத்தா அடைப்பு இன்னும் இறுகும். படுக்கைல இருக்குற வயசானவங்க, நடமாட்டம் கம்மியா இருக்குறவங்களுக்கு இது அடிக்கடி வரும், அவங்க வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, சாப்பாடு குறையும், புத்தி குழம்பின மாதிரி பேசுவாங்க, சிறுநீரும் அடைச்சுக்கலாம். டாக்டர் விரலால தொட்டு பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க. பாட்டி மேல எரிச்சல் படாதீங்க, அவங்க அடக்க முடியாம வெக்கத்துல கூனிக் குறுகி போயிருப்பாங்க.

கர்ப்பமா இருக்கேன், எத எடுக்கலாம்?

கர்ப்பத்துல ஹார்மோன் குடல மந்தமாக்கும், இரும்புச்சத்து மாத்திரையும் சேந்துக்கும், அதனால ரொம்ப பேருக்கு வரும். இசப்கோல், லாக்டுலோஸ், மேக்ரோகால் மூணும் உடம்புல அவ்வளவா சேராது, டாக்டர கேட்டுட்டு எடுக்கலாம். விளக்கெண்ணெய் மட்டும் கூடவே கூடாது, கர்ப்பப்பைய சுருங்க வைக்கும்.

குழந்தைக்கு பெரியவங்க மாத்திரைல பாதி குடுக்கலாமா?

கூடாது. குழந்தைக்கு எடை பாத்து டாக்டர் தான் அளவு சொல்லணும். தாய்ப்பால் மட்டும் குடிக்குற குழந்தை, ஒண்ணரை மாசத்துக்கு அப்புறம், சில சமயம் 1 வாரம் வரைக்கும் கூட போகாம இருக்கும், போகும்போது மெத்துன்னு போனா, நல்லா பால் குடிச்சா, எடை ஏறினா பயமில்ல. ஆனா பிறந்து 2 நாள் ஆகியும் முதல் கரும்பச்சை மலம் போகலன்னாலோ, வயிறு வீங்கினாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிட்டு போங்க. 1 வயசுக்கு உள்ள தேன் குடுக்காதீங்க, மலச்சிக்கலுக்குன்னு கூட.

கொஞ்சம் வளந்த பிள்ளைங்க ஒரு தடவ வலிச்சுதுன்னா அடுத்த தடவ பயந்து அடக்கிக்கும், மூலைல போய் கால பின்னிக்கிட்டு நிக்கும், அது முக்குறது இல்ல, அடக்குறது. அடக்க அடக்க கெட்டியாகி இன்னும் வலிக்கும். அதனால டாக்டர் சிரப்போ பவுடரோ மாசக்கணக்குல எழுதிக் குடுத்தா 4 நாள்ல சரியாயிடுச்சுன்னு நிறுத்தாதீங்க, பிள்ளைக்கு அந்த பயம் மறக்குற வரைக்கும் அது ஓடணும்.

பின்னாடி வைக்குற மாத்திரை, எனிமா எல்லாம் வீட்லயே போடலாமா?

கிளிசரின் சப்போசிட்டரி பெரியவங்க போட்டுக்கலாம், 15 நிமிஷத்துல இருந்து 1 மணி நேரத்துக்குள்ள வேலை செய்யும், டாய்லெட் பக்கத்துல இருக்கும்போது வைங்க. மேல இருக்குற கவர பிரிச்சுட்டு தான் வைக்கணும், சிரிக்காதீங்க, கவரோட வெச்சு வலிச்சு வந்தவங்க இருக்காங்க. ஆசனவாய் பக்கம் வெடிப்போ ரத்தக்கசிவோ இருந்தா முதல்ல காட்டிட்டு போடுங்க.

சோடியம் பாஸ்பேட் எனிமா அப்படி இல்ல. 24 மணி நேரத்துல ஒரு டோஸுக்கு மேல போட்டா கிட்னியும் இதயமும் பாதிக்கலாம்னு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014ல எச்சரிச்சது. வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க, கிட்னி நோய் இருக்குறவங்களுக்கு டாக்டர் சொல்லாம போடவே வேண்டாம். முதல்ல போட்ட எனிமா வெளிய வரலன்னா இன்னொன்னு போடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க.

மாத்திரை போட்டா வெயிட் குறையுமா?

குறையாது. சாப்பாட்டுல இருக்குற சத்த பெரும்பாலும் சிறுகுடல்லயே உடம்பு எடுத்துக்கும், இந்த மாத்திரைங்க வேலை செய்யுறது பெருங்குடல்ல. மெஷின்ல குறையுற எடை தண்ணி மட்டும் தான், 2 டம்ளர் குடிச்சா திரும்ப வந்துடும், ஆனா போன பொட்டாசியம் அவ்வளவு சுலபமா வராது. உங்க வீட்ல யாராவது, குறிப்பா டீன் ஏஜ் பிள்ளை, ஒளிச்சு வெச்சு இத சாப்பிடுறது தெரிஞ்சா திட்டாதீங்க, சாப்பாட்டையும் உடம்பையும் பத்தின அந்த பயம் ஒரு நோய், மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

எப்ப மருந்தே எடுக்காம நேரா டாக்டர்கிட்ட போகணும்?

கடுமையான வயித்து வலி, வாந்தி, வயிறு வீங்கி காத்து கூட பிரியல, இதுல எது இருந்தாலும் குடல் அடைப்பாவோ குடல்வால் அழற்சியாவோ இருக்கலாம், அப்ப மலமிளக்கி குடுத்தா குடல் கிழியுற அளவுக்கு கூட போகும். ஒரு சொட்டு கூட குடுக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க. தார் மாதிரி கருப்பா போனாலும் அன்னிக்கே காட்டிடுங்க.

மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையுறது, ரத்தசோகை, 45, 50 வயசுக்கு மேல திடீர்னு பழக்கம் மாறுறது, குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருக்கிறது, இதெல்லாம் அன்னிக்கே ஓடணும்னு இல்ல ஆனா தள்ளிப் போடவும் கூடாது. ரத்தம்னாலே மூலம்னு நாமளே முடிவு பண்ணிக்குறோம், பெரும்பாலும் மூலமாவோ ஆசனவாய் வெடிப்பாவோ தான் இருக்கும், இருந்தாலும் பாக்காம சொல்ல முடியாது. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பா போகும், அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

டாக்டர்கிட்ட போனா என்ன சொல்றதுன்னே தெரியல, கூச்சமா இருக்கு?

ஒரு துண்டு பேப்பர்ல எழுதிட்டு போங்க. எத்தன நாளைக்கு ஒரு தடவ போகுது, பிரிஸ்டல் சார்ட்ல எந்த நம்பர், எப்பல இருந்து மாறுச்சு, ரத்தம் இருக்கா, எடை குறைஞ்சிருக்கா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, இதுவரைக்கும் எந்த மலமிளக்கிய எவ்வளவு எடுத்தீங்க, எத்தன மணிக்கு எடுத்தீங்க. வாயால சொல்ல வரலன்னா அந்த பேப்பர அப்படியே நீட்டுங்க. எங்க அப்பா இப்ப அப்படித்தான் பண்றார், சட்டைப் பையில மடிச்சு வெச்சிருப்பார், மருந்து பேருக்கு எதிர்ல எத்தன மணி நேரத்துல வேலை செய்யும்ங்கிறதையும் அவரே எழுதிக்குவார்.